சேனை பூத்த வருஷம்

சேனைக்கிழங்கு பூத்து மேலகரத்தில் யாரும் பார்த்ததில்லை. நட்ட வருஷமே தோண்டி, பொங்கலுக்கு அவித்துத் தின்றுவிடுகிற ஊரில் அது எப்படிப் பூக்கும்? ஆவுடைத்தாய் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு கிழங்கு ஐந்து பொங்கலாகத் தோண்டாமல் கிடந்தது. பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று அவள் புருஷன் தளவாய் நட்டது. பொங்கலுக்கு வந்து தானே தோண்டுவதாகச் சொல்லிப் போனவனைப் பற்றி, மலேயாவில் சண்டை மூண்ட பிறகு ஒரு சேதியும் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் ஆட்டுக்கல் அளவுக்கு, ஆட்டுக்கல் என்ன, தேர்ச்சக்கரம் அளவுக்குப் பெருத்துவிட்டது.

நாற்பத்தாறாம் வருஷம் சித்திரையில் பூத்தது. இலையும் இல்லை, தண்டும் இல்லை. தரையோடு தரையாகக் கருஞ்சிவப்பு மடல், நடுவே ஆட்டுமூளை போல ஒரு கொண்டை. வாடையோ பிணவாடை. குற்றாலத்துக் குரங்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறின. வாசுதேவநல்லூர் ஈக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கின. செத்த பெருச்சாளியைத் தேடித் தெருவே ஓட்டைப் பிரித்தது.

பூவைக் கண்டதும் கொழுந்தன் நம்பிராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் நட்டதில் பிணவாடை வந்தால் வேறென்ன அர்த்தம் என்று பெரியவர்களைக் கூட்டினான். காரியம் செய்து தாலியை வாங்கிவிட வேண்டியதுதான் என்றார்கள்.

"பூத்திருக்கு, அம்புட்டுத்தான். ஒரு பூவைப் பாத்தா தாலி அறுப்பாக?" என்றாள் ஆவுடைத்தாய். நாள் குறிக்க விடவில்லை.

பூ அழுகிச் சாய்ந்தது. ஆனிச் சாரலில் அதே இடத்தில் புள்ளி விழுந்த தண்டு ஒன்று கிளம்பிக் குடைபோல இலை விரித்தது. அந்த வாரம்தான், தளவாயோடு பட்டாளத்தில் இருந்த அச்சன்புதூர் ஹபீபுல்லா வந்தான். கொல்லைப்பக்கம் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சண்டையில் தோற்று, மலேயாக் காட்டில் ஒளிந்து பட்டினியாகத் திரிந்தபோது, இதே போல ஒரு செடியைத் தளவாய் கண்டிருக்கிறான். ஏலே, இது எங்க ஊர்ச் சேனை என்று கையாலேயே தோண்டியிருக்கிறான். அது காட்டுச்சாதி. அவித்தார்கள், அரிப்பை முறிக்கப் புளி இல்லை.

"மொதல்ல நான் தின்னு பாக்கேன், பொறவு நீங்க தின்னுங்கன்னாரு, அக்கா. தொண்டை வீங்கிப் போச்சு. மூச்சு விட முடியல."

ஆவுடைத்தாய் கொல்லையில் இறங்கி அந்தத் தண்டைத் தொட்டாள்.

"தோண்டும்போது சிரிச்சாகளா?"

"சிரிச்சாரு அக்கா. ஒங்க பேரைச் சொல்லித்தான் தோண்டினாரு."

அவள் உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு நம்பிராஜனைக் கூப்பிட்டு, காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.