பெரிய பாளை, சின்னப் பாளை

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பேர்பெச்சுவா அக்காவுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட இடம் மாறாது. மற்றது மகன் லக்ஸன். ஹனோவரில் நல்ல வேலையில் இருந்த அந்த மகன், பெண் பார்க்கும் சிரமத்தை அம்மாவுக்கு வைக்கவில்லை. சனி ஞாயிறில் அம்மாவைக் கூட்டிப்போக வந்து வந்தே, அம்மாவின் வேலையிடத்திலேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். கரண்டியைக் காவல் காத்த அக்கா மகனைக் கோட்டை விட்டுவிட்டார்.

மார்லின் அந்த இல்லத்தில் தாதி Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்ய வந்த இந்தோனேசியப் பிள்ளை. ஊர் சபு என்ற சின்னத் தீவில் ரேலெடெ என்ற கிராமம். இந்தோனேசியர்களிடமே கேட்டால் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். குப்பாங் பட்டினத்திலிருந்து விடிய விடியக் கப்பலில் போக வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தக் கப்பலும் வராது. மழை பெயருக்குப் பெய்யும். மிச்சத்துக்கு ஆடு, குதிரை, உப்புக்காற்று, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பனை.

முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று மார்லின் தன் மூக்கைக் கொண்டுவந்து அக்காவின் மூக்கோடு ஒட்டினாள். அக்கா அப்படியே விறைத்துப்போனார். சபுவில் மதிப்பானவர்களை அப்படித்தான் கும்பிடுவார்களாம். "நல்ல காலம், நான் தள்ளி இருந்தனான்" என்றார் கணவர் வின்சன்ற்.

அன்றைக்கே மார்லின் ஒரு படமும் காட்டினாள். பனையின் உச்சியில், இடுப்பில் கத்தியும் ஓலைப் பட்டையுமாக ஒருவர் நின்று சிரித்தார்.

"இது என் அப்பா" என்றாள். குரலில் அப்படியொரு பெருமை.

"நல்ல உயரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போடப் போய்விட்டார். கேத்தல் கொதித்து அடங்கிய பிறகும் அவர் அடுப்படியிலேயே நின்றார்.

காரணம் இருந்தது. மன்னாரில் அக்காவின் தகப்பனும் பனை ஏறிப் பாளை சீவியவர்தான். அக்காவுக்கு முதலில் பேசிய சம்பந்தம் அதனால்தான் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். போகிற வழியில் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. ஜெர்மனிக்கு அகதியாக வந்த இடத்தில் வின்சன்ற் ஒன்றையும் விசாரிக்காமல் கட்டிக்கொண்டார். அந்த மனுசனை அக்கா எவ்வளவு திட்டினாலும், அந்த ஒன்றுக்காக உயிரையே கொடுப்பார். ஆனால் வேறு யாருக்கும் வாய் திறந்ததில்லை. கோயிலில் யாராவது, "ஊரிலை எவடம்?" என்று தொடங்கினால், "மன்னார்தான்" என்று சொல்லிவிட்டு ஹம்மின் குளிரைப் பற்றிப் பேசுவார். அந்த மனிதர்களின் விசாரணை இருக்கிறதே, அது கடல் தாண்டி வந்தும் உப்பில் போட்டது மாதிரிக் கெடாமல் இருந்தது.

மார்லினிடம் அந்தத் தொந்தரவு இல்லை. அவளுக்குப் புட்டு பிடித்தது, மீன் குழம்பு பிடித்தது. தமிழ்க் கடையில் வாங்கிய பனங்கட்டியைக் கடித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதைப் பாணியாகக் காய்ச்சித் தண்ணீரில் கரைப்போம், மாமி. பல நாள் மதியச் சாப்பாடே அதுதான்" என்றாள். மாமி என்ற சொல்லை லக்ஸன் பழக்கியிருந்தான். மற்றதெல்லாம் இருவருக்கும் இடையில் ஜெர்மன்தான், அதுவும் ஆளுக்கொரு விதமாக உடைந்த ஜெர்மன். அக்காவுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சபுவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்கள். சம்பந்திகள் முகம் பார்க்க வேண்டாமா? மார்லினின் தாய் தறிக்கு முன்னால் வெற்றிலை வாயோடு இருந்தார். சிரித்தார். சுகம் விசாரித்தார். பிறகு முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மார்லின் அதை ஜெர்மனில் சொன்னாள்.

"நீங்கள் எந்தப் பனம்பாளை என்று இனா, என் அம்மா, கேட்கிறா, மாமி. பெரிய பாளையா, சின்னப் பாளையா? கலியாணத்துக்கு முன்னம் அது தெரிய வேண்டுமாம்."

பெரியதா, சின்னதா. அதுவும் பாளை. உலகத்தின் அந்த மூலைக்கும் செய்தி போய்விட்டதா? அக்கா விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றார்.

"என்னப்பா இது?" என்று பதறினார் வின்சன்ற்.

"ஒருக்கா கேட்டு முடிஞ்சுது. இன்னொருக்கா என்னாலை கேக்க ஏலாது."

மார்லின் ஒன்றும் புரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அந்த வாரம் வராதிருந்த லக்ஸன் ஹனோவரிலிருந்து போன் எடுத்துக் கத்தினான். அக்கா அசையவில்லை. ஆனால் இல்லத்தில் மார்லின் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குக் கை வேலையில் நிற்கவில்லை. சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். கிழவர்கள் பாவம், குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம் மார்லின் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"மாமி, பீலெஃபெல்ட் இல்லத்துக்கு மாற்றம் கேட்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் என்ன பிழை செய்தேன்?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "நீயில்லைப் பிள்ளை. உன்ரை அம்மா. என்ரை அப்பு என்ன வேலை செய்தவர் எண்டு அறியத்தானே கேட்டவா?"

"உங்கள் அப்பாவா?" மார்லின் விழித்தாள். "அப்பாவை ஏன் கேட்க வேண்டும்?"

இப்போது விழிப்பது அக்காவின் முறையாயிற்று.

மார்லின் விளக்கினாள். சபுவில் ஆதியில் இரண்டு சகோதரிகள் இருந்தார்களாம். மூத்தவளின் வழி பெரிய பாளை, இளையவளின் வழி சின்னப் பாளை. இதில் உயர்வு தாழ்வு இல்லை. பிள்ளைகள் எல்லாம் தாயின் பாளை. ஒவ்வொரு பாளைக்கும் துணியில் வேறு வேறு கோலம். மருமகனுக்கு நெய்ய இனா நூலைத் தறியில் கட்டிவிட்டு, எந்தக் கோலம் போடுவது என்று தெரியாமல் காத்திருக்கிறா.

"லக்ஸன் யார் என்று சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும், மாமி. அவனுடைய அப்பாவால்கூட முடியாது."

பேர்பெச்சுவா அக்கா பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். இத்தனை வருசமும் இந்தக் கேள்விக்கு ஒளிந்து திரிந்தவர். அவரை, அவருடைய தாயை, அந்தத் தாயின் தாயைக் கேட்டு ஒருத்தி தறியைக் காய வைத்துக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்தது. அழுதார். வெங்காயத்தின்மேல் பழி போடக்கூட அன்றைக்கு வெங்காயம் உரிக்கவில்லை.

"எடு பிள்ளை போனை" என்றார்.

சபுவில் இருட்டிவிட்டது. தாய் விளக்கடியில் வந்து, கொஞ்சம் பயந்த முகத்தோடு உட்கார்ந்தார். அக்கா சேலைத் தலைப்பைத் தேடி, வேலை ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லு பிள்ளை. என்ரை அம்மா மதலேனம்மா. எங்களிட்டைப் பாளை வழி இல்லை. ஆனா என்ரை அப்பு பனை ஏறினவர். பாளை சீவித்தான் எங்கள் எல்லாரையும் வளர்த்தவர்."

ஊர் கடந்து வந்த பிறகு அதை வெளியாள் ஒருவருக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மார்லின் மொழிபெயர்த்தாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். தாய் உள்ளே திரும்பிப் புருசனைக் கூப்பிட்டார். அந்த மனிதர் ஓடிவந்து, காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் கமெராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். அக்காவுக்கு அந்தக் கைகளைத் தெரியும். சின்ன வயதில் அப்படியொரு கையைப் பிடித்துத்தான் கோயிலுக்குப் போனார்.

தாய் மெதுவாக ஏதோ சொன்னார்.

"உங்களுக்குப் பாளை இல்லாவிட்டால் என்ன, இனாவுக்கு அக்காவாக இருங்களாம். மூத்தவள் ஆகிவிட்டால் நீங்களும் பெரிய பாளை, லக்ஸனும் பெரிய பாளை. நாளைக்கே நெசவைத் தொடங்குகிறாவாம்."

"ஓம் எண்டு சொல்லு!" என்றார் அக்கா.

தாய் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் கமெராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்க மூக்கு. இந்த முறை அக்கா விறைக்கவில்லை. அவரும் கண்ணை மூடி, போனைத் தூக்கி, தன் மூக்கை அழுத்தி வைத்தார்.

மூக்கு போய் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானில் பட்டது. திரை கறுத்தது.

"ஐயோ மாதாவே!" அக்கா அலறியதில் பக்கத்து அறைக் கிழவர் எட்டிப் பார்த்தார். "திருப்பி எடு பிள்ளை, கெதியா எடு! என்ரை தங்கச்சி நான் கோவத்திலை வைச்சிட்டன் எண்டு நினைக்கப்போறா!"