வானம் வாங்கிக்கொள்ளாத பெண்

நான் மூட்டை தூக்குகிறவன். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். படித்த சூட்டோடு ஒரு கதை எழுதினேன். பொழுது சாய்ந்தால் பஞ்சு மாதிரி லேசாகி மிதக்கிற மனைவி. அவள் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்தபடி கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகும் சுமைக்காரன். அவ்வளவுதான். பத்திரிகையில் வந்தது. படமாக எடுக்கிறேன் என்று ஓர் இயக்குநர் தேடி வந்தார்.

முடிவை மட்டும் மாற்றினார். அவன் கயிற்றை விட்டுவிடுவானாம். அவள் வானத்தில் கரைந்துபோவாளாம்.

"ஜனங்க அழணும்ண்ணே," என்றார். மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ யாரு? நான்தானே?"

"கதைம்மா."

"என் மோவாய்த் தழும்பு, குறட்டை எல்லாம் அப்படியே எழுதியிருக்கீங்க. பறக்க விடுறப்ப மட்டும் கதையாக்கும்? வேணாம் சார்னு ஒரு வார்த்தை சொல்ல வாய்ல என்ன பூட்டா?"

அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசிக் காட்சி எடுக்கும் அன்று மட்டும், "நான் எப்படிப் போறேன்னு பாக்கணும்," என்று கூடவே கிளம்பினாள்.

கதாநாயகன் அதற்கு முன்பே எங்கள் கிடங்கில் வந்து மூட்டை தூக்கிப் பழகியிருந்தார். எங்களிடம் ஒரு முறை உண்டு. சுமையை மாற்றிக் கொடுக்கிறவன், வாங்குகிறவன் "வாங்கிட்டேன்" என்று சொல்லும்வரை கையை எடுக்கக்கூடாது. முதல் நாள் அவர் முந்திக்கொண்டு கையை எடுத்ததில் மூட்டை மேஸ்திரியின் காலில் விழுந்தது. "நீ ஹீரோன்னா என் கால் என்ன இரும்பா?" என்று மேஸ்திரி பிடித்த பிடியில், அப்புறம் டீ டம்ளர் கொடுத்தால்கூட அவர் விடாமல் நின்றார்.

படப்பிடிப்பில் கதாநாயகியைக் கம்பியில் கட்டிக் கிரேன் தூக்கியது. "கயித்த விடு!" என்று இயக்குநர் மைக்கில் கத்தினார். கதாநாயகன் விடவில்லை. குதிகால் எழும்பி, நுனிக்காலில் நின்றார்.

"விடுய்யா! என்னாச்சு?"

"கை வரல சார். மேல யாரும் வாங்கிட்டேன்னு சொல்லலையே!"

"பய தேறிட்டான்டா!" என்று, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து மேஸ்திரி கூவினார்.

"யாராவது வாங்கித் தொலைங்க, இடுப்பு கழண்டுடும்!" என்று மேலிருந்து கதாநாயகி சிரித்தாள்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அந்தக் கை திறக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து, கெஞ்சுகிற மாதிரி மேலே பார்த்தபடி நின்றார். இயக்குநர் திரையில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கதாநாயகியைக் கேட்டார்.

"இப்படிப் பிடிச்சா நான் எதுக்கு சார் போகணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, மெதுவா இறக்குங்க. கேமராவ நிறுத்தாதீங்க."

அவள் இறங்கி கதாநாயகன் கைக்குள் வந்து சேர்ந்தாள். எல்லோருக்கும் முந்தி என் மனைவிதான் கைதட்டினாள். "சத்தம் போடாதீங்கம்மா!" என்று யாரோ அதட்டினார்கள்.

பஸ்ஸில் கேட்டேன், "இப்ப சந்தோஷமா?"

"எல்லாம் சரிதான். ஆனா அந்தப் பொண்ணு என்னைவிட ஒல்லி. அதையும் மாத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குறட்டையும் வந்தது. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுப்ப மனம் வரவில்லை. அடுத்ததில் இறங்கி நடந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.