பாறைமேல் காய்ந்த சாமை

அஜித் எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்வராயன் மலையில் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, அவன் கைப்பேசிக்கோ ஓய்வே கிடைக்கவில்லை. காலைக் கஞ்சியைக்கூடப் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் குடிப்பான். அவன் குடிக்கிற கஞ்சி இன்ன நிறமென்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும், அதைக் காய்ச்சியவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க மட்டும் துரைக்குக் கை வராது என்று பெற்றவள் வெள்ளச்சி கறுவுவாள்.

அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருந்தது. தனியாளாக அறுத்து, ஓடையோரப் பாறையில் போராகக் குவித்துக் காயவைத்திருந்தாள். வருஷத்துச் சோறும் அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான். காய்ந்த சாமையில் கால் படக்கூடாது. பட்டால் பொலபொலவென்று உதிர்ந்து பாறை இடுக்குக்குள் போய்விடும். மலையில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. எம்.எஸ்ஸி.க்கு அந்தப் போர் அழகாகத் தெரிந்தது. பின்னால் ஓடை, மேலே மேகம். ரீல்ஸ் எடுத்து லொகேஷனோடு போட்டுவிட்டான்.

சனிக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக நாற்பது பைக் ஏறி வந்தது. எல்லாம் படித்த பிள்ளைகள். போர்மேல் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், சறுக்கினார்கள். ஒரு பெண் கதிரை வாரித் தலைக்குமேல் வீசினாள். படத்தில் சரியாக விழவில்லையென்று ஏழு தடவை வீசினாள். காட்டுக்குப் போயிருந்த வெள்ளச்சி ஓடிவருவதற்குள் பாதிப் போர் வெறும் வைக்கோலாகியிருந்தது.

இடுக்கில் விரல் விட்டு மண்ணோடு சாமையை நோண்டினாள். எதிரே அஜித் கைப்பேசியோடு குந்தியிருந்தான்.

"எம்மா, இன்னொரு வாட்டி அள்ளு. மூஞ்சி தெரியல."

சாயங்காலத்துக்குள் 'ஒரு தாயின் கண்ணீர்' என்று அவன் போட்ட வீடியோ மூன்று லட்சம் பேரைத் தொட்டது. உதவிக்கு வருகிறோம், லொகேஷன் அனுப்புங்கள் என்று ஆயிரம் பேர் கேட்டிருந்தார்கள். அஜித்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அனுப்பினான்.

மறுநாள் நூறு பைக். வெள்ளச்சி மீதிப் போருக்குக் குறுக்கே நின்றாள். அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி சாமையை அள்ளி, அள்ளுவதைப் படம் பிடித்து, அங்கேயே கொட்டிவிட்டு அருவி பார்க்கப் போனார்கள். மீதியும் மிதிபட்டுப் போனது.

"எம்மா, பத்து லட்சம் தாண்டிக்கினு போவுது."

வெள்ளச்சி காலி முறத்தை அவன் மடியில் போட்டாள்.

"வெதைக்கு ஒரு படி சாமை இல்ல. பக்கத்துக் காட்டு அம்மாசிகிட்ட போய் நீயே கையேந்து. அதையும் மூஞ்சி தெரியறாப்பல எடுத்துப் போடு."