மவ்லூதா ஆறு

அடுத்த ஆண்டு அயல்நாடுகளில் வரப்போகிற பேரிடர்களை இந்த ஆண்டு செப்டம்பருக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அஸ்தானாவில் உள்ள அயல்நாட்டு உதவி வாரியத்தின் விதி. எந்த நாடு, என்ன பேரிடர், எத்தனை குடும்பம், எவ்வளவு பணம். எழுதிக் கொடுத்தபடி ஒழுங்காக வந்த பேரிடருக்கு உடனே நிதி. சொல்லாமல் கொள்ளாமல் வந்ததற்குக் குழு கூடும்.

எல்டோஸ் ஆறு வருஷமாக இந்தத் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தான். கைராசிக்காரன் என்று பெயர். ஒரு வருஷம் அவன் எழுதிய வெள்ளம் மாதம் முதற்கொண்டு ஒத்துவந்து பாராட்டுச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது. வெள்ளத்தில் போனவர்களைப் பற்றிச் சான்றிதழில் ஒன்றும் இல்லை.

அந்த ஆகஸ்டில் தஜிகிஸ்தான் மலைக்குள் ஷிர்தோர் என்ற ஊரின் மேல், மூன்று நாள் மழைக்குப் பிறகு, பாதிக் குன்று இறங்கிவந்து உட்கார்ந்தது. ஜனங்கள் ஆடுமாடுகளோடு மேல் புல்வெளியில் இருந்ததால் பிழைத்தார்கள். வீடுகளை யாரும் புல்வெளிக்கு ஓட்டிப்போகவில்லை. இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள் மெல்லிய கோடைக் கூடாரங்களில் உட்கார்ந்திருந்தன. அவர்களுக்கு வேண்டியது இரும்பு அடுப்பு, நிலக்கரி, கம்பளிக் கூடாரம். நவம்பர் கடைசியில் கணவாய் பனியில் அடைபட்டுவிடும். அதற்குள் லாரி மேலே ஏறியாக வேண்டும்.

கோரிக்கைக் கடிதம் முறைப்படி, முத்திரையோடு வந்தது. அதை வாரியத்தின் படிவத்தில் ஏற்றும்போது நான்காவது கட்டத்தில் சிக்கியது. 'பேரிடர் வகை: நிலநடுக்கம், வெள்ளம், வறட்சி.' மண்சரிவு இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் படிவத்தைத் தயாரித்தவனே எல்டோஸ்தான். நான்கு வகையும் போட்டால் துணைத்தலைவர் துலேகெனின் கையெழுத்து மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போனது. "ஒரே பக்கத்துல முடிங்கப்பா. என் கையெழுத்து என்ன அநாதையா?" என்றார் அவர். எல்டோஸ் மண்சரிவை எடுத்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. குன்றும் கவனிக்கவில்லை.

ஷிர்தோரின் ஊர்த் தலைவர் குர்பானலி, பள்ளிக்கூட வாத்தியார். எல்டோஸ் அவரைக் கூப்பிட்டான். இருவருக்கும் பொதுவாக இருந்தது ரஷ்ய மொழி.

"அண்ணே, அன்னிக்கு நிலம் நடுங்குச்சா?"

"மலையே வாசல்ல வந்து உக்காருது, நடுங்காமலா தம்பி?"

"எவ்வளவு நடுங்குச்சுன்னு..."

"என் மாமியார் வாயை மூடினாங்க. அவ்வளவு நடுங்குச்சு."

நிலநடுக்க ஆய்வகம் இரண்டு புள்ளி ஒன்று என்றது. நிதி கிடைக்க ஐந்து வேண்டும். எல்டோஸ் மறுபடி கூப்பிட்டான்.

"வெள்ளத்துல போட்டுடலாம்ணே. ஆத்தோட பேரு மட்டும் சொல்லுங்க."

"ஆறா? இங்க ஓடை ஒண்ணுதான் இருக்கு. வருஷத்துல பத்து நாள் தண்ணி போகும்."

"அதுக்கு என்ன பேரு?"

"ஓடை."

"பேரு இல்லாம நிரப்ப முடியாதுண்ணே. கட்டாயக் கட்டம் அது."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது.

"யாருண்ணே அது?"

"எங்க வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற அதிகாரி. பொறந்து ஒன்பது நாள் ஆகுது. கூடாரத்துலதான் பொறந்தா. மவ்லூதான்னு பேரு வெச்சிருக்கோம்." குர்பானலி சிரித்தார். "அந்தப் பேரையே போட்டுக்கோயேன். ஓடையும் இப்படித்தான், வந்தா ஊரையே எழுப்பிட்டுத்தான் வரும்."

எல்டோஸ் எழுதினான். மவ்லூதா ஆறு. படிவம் ஏற்றுக்கொண்டது.

குழு ஏற்றுக்கொள்ளவில்லை. வரைபடத்தில் அப்படி ஓர் ஆறு இல்லையாம். நில அளவைத் துறைக்குக் கடிதம் போனது. அக்டோபர் போனது. பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ரௌஷான் அக்கா சொன்னாள்: "அவசரம்னு மட்டும் எழுதிடாதே தம்பி. அவசரம்னு எழுதின கோப்புகளையெல்லாம் தனி அலமாரியில வெச்சிருக்காங்க. அதுக்குச் சாவி இல்ல."

நவம்பர் பத்தாம் தேதி குர்பானலி கூப்பிட்டார். சிரிப்பு இல்லை.

"அடுப்பு எங்க தம்பி இருக்கு?"

"துஷான்பே கிடங்குல இருக்குண்ணே. உத்தரவு வந்தா அன்னிக்கே ஏத்திடுவாங்க."

"உத்தரவு எங்க இருக்கு?"

எல்டோஸ் துலேகெனின் அறைக்குப் போனான். அவர் அன்பாக உட்காரச் சொல்லிக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். மதிக்கிற ஆளுக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றலாம், பேச்சும் நீளும். துலேகென் அவனுக்கு விளிம்புவரை ஊற்றினார். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

"சார், கணவாய் இந்த மாசக் கடைசியில..."

"சூடா இருக்கு, பார்த்துக் குடிப்பா."

எல்டோஸ் குடித்தான். நாக்கு வெந்தது. கிளம்பினான்.

நவம்பர் இருபத்து நான்காம் தேதி கணவாய் அடைபட்டது. டிசம்பர் மூன்றாம் தேதி நில அளவைத் துறை பதில் எழுதியது: மேற்படி ஆறு காணப்படவில்லை, எனினும் இல்லை என்று கூறுவதற்கும் ஆதாரம் இல்லை. குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தொன்பதாம் தேதி நிதி அனுமதியானது. ஹெலிகாப்டரில் அனுப்பலாமே என்று எல்டோஸ் எழுதினான். ஹெலிகாப்டர் நிலநடுக்கத் தலைப்பின் கீழ் இருப்பதாகப் பதில் வந்தது. ஷிர்தோருக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை.

ஜூன் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஷிர்தோரில் ஒப்படைப்பு விழா நடந்தது. இருநூற்றுப் பதினான்கு அடுப்புகளும் புல்வெளியில் வரிசையாக நின்றன. துலேகென் நாடாவை வெட்டி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கதகதப்பு எங்கள் மக்களின் அன்பு" என்று பேசினார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டு, ஆளுக்கோர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள்.

எல்டோஸின் பையில் ஒரு கம்பளிப் பொம்மை இருந்தது. குர்பானலியை அவன் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தான். நினைத்ததைவிடச் சின்ன உருவம்.

"அதிகாரி எங்கண்ணே? நடக்க ஆரம்பிச்சாச்சா?"

குர்பானலி ஓடைப் பக்கம் நடந்தார். எல்டோஸ் பின்னால் போனான். ஓடை காய்ந்து கிடந்தது. கரையில் மூன்று மண்மேடுகள், கல் அடுக்கியவை. இரண்டு பெரிசு.

"பிப்ரவரியில," என்றார் குர்பானலி. "பெரியவங்க ரெண்டு பேரு, அப்புறம் இவ. துணியெல்லாம் எரிச்சுப் பார்த்தோம். ஸ்கூல் பெஞ்சையும் எரிச்சோம்."

"ஒரு படிவத்துல ஒரு வரிண்ணே, நான்தான்..." என்று எல்டோஸ் ஆரம்பித்தான்.

"வா, வெயில்ல நிக்காத."

கூடாரத்தில் குர்பானலியின் மனைவி தேநீர்க் குடுவையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனாள். குர்பானலியே ஊற்றினார். எல்டோஸ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வந்தது. நிற்கவில்லை. விளிம்புவரை வந்து, தட்டில் வழிந்தபிறகுதான் நின்றது.

குடித்துவிட்டுக் கிளம்பினான். பொம்மை பையிலேயே இருந்தது.

செப்டம்பரில் அடுத்த ஆண்டுத் திட்டம். எல்டோஸ் மண்சரிவை நான்காவது வகையாகத் திரும்பச் சேர்த்து அனுப்பினான். கையெழுத்து இரண்டாம் பக்கத்துக்குப் போனதால் கோப்பு அன்று மாலையே திரும்பி வந்தது.

"ஆனா ஒரு நல்ல சேதி," என்றாள் ரௌஷான் அக்கா. "உன் மவ்லூதா ஆறு பதிவேட்டுல ஏறிடுச்சு. இனிமே கேக்கவே வேணாம், வருஷா வருஷம் தானா நிதி வரும்."

"அந்தப் பேரை எடுத்துடலாம்க்கா."

"ஏன்ப்பா? எவ்வளவு கஷ்டப்பட்டு ஏத்தின!"

"எடுக்கணும். எப்படி எடுக்கிறது?"

அக்கா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "மவ்லூதான்னு இப்ப ஒண்ணும் இல்லன்னு சான்றிதழ் வேணும். ஊர்த் தலைவர் தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும்." நிமிர்ந்து பார்த்தாள். "யாரு அங்க தலைவர்? உனக்குத் தெரிஞ்சவர்தானே, ஒரு போன் போட்டா அனுப்பிட மாட்டாரா?"

எல்டோஸ் போனை எடுக்கவில்லை. மவ்லூதாவுக்கு அந்த ஆண்டும் இருநூற்றுப் பதினான்கு அடுப்புகள் ஒதுக்கப்பட்டன.