பன்னிரண்டாம் தேதி முத்திரை

துளைக்குள் அளவுக் கம்பியின் பச்சை முனை நுழைய வேண்டும்; சிவப்பு முனை நுழையக் கூடாது. இரண்டையும் பார்த்த பிறகு அவள் கீலைத் துடைத்து, அதன் சீட்டில் முத்திரையைப் பதித்தாள். வட்டத்துக்குள் ஏழு. ஆலையில் அவளையே ஏழு என்றுதான் கூப்பிட்டார்கள்.

விமானக் கதவுக்கான கீல்கள் அவை. விமானத்தை ஒன்றுசேர்த்துப் பூட்டுவது கடல் தாண்டி வேறொரு நாட்டில். அந்த நாட்டு விமானத் துறை, வெளிநாட்டில் செய்து வரும் கீலை ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பதில்லை. சீட்டிலுள்ள முத்திரையை நம்பி ஏற்றுக்கொள்கிறது. அதனால் ஒருவருடைய முத்திரை இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது.

பதினொரு மணிக்கு அவளை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"என்ன ஏழு, வெளிநாட்டுத் துரை உன்னைத்தான் முதல்ல கேக்கறாராமே?" என்றார் பக்கத்து இயந்திரத்துக் கடைசல்காரர்.

"ஆமா, ஒரு விமானத்தை என் பேர்ல எழுதி வைக்கப் போறார். வேணும்னா நீங்களும் ஏறிக்குங்க."

அறையில் மேலாளர், சூப்பர்வைசர், சோதனைக்கு வந்திருந்த அந்த நாட்டு விமானத் துறை அதிகாரி, அவருடைய மொழிபெயர்ப்பாளர். மேசை மேல் ஆறு கீல்கள். அதிகாரி ஒன்றை எடுத்து சிவப்பு முனையைத் துளையில் வைத்தார். அது தானாகவே உள்ளே போனது.

"ஆறுலயும் உங்க முத்திரை. பன்னெண்டாம் தேதி போட்டது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பன்னிரண்டாம் தேதி என்றதும் அவளுக்கு மூச்சு வந்தது.

"சார், அன்னிக்கு நான் வேலைக்கே வரல. என் பொண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் சீட்டு பையிலயே இருக்கு."

ஓடிப்போய் எடுத்துவந்து, மடிப்புகளை நீவி மேசையில் வைத்தாள். அதிகாரி நிதானமாகப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ முத்திரை யார்கிட்ட இருந்துச்சுன்னு கேக்கறார்."

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக அவர் அவளுக்கு அண்ணன், மகளுக்கு மாமா.

"அண்ணன்கிட்ட. நூத்தியிருபது பீஸ் தேங்கி நிக்குது, முத்திரையைக் குடுத்துட்டுப் போ, நானே அளந்து போடறேன்னு சொன்னாரு."

சூப்பர்வைசர் குரலை உயர்த்தவில்லை. "நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்? பதட்டத்துல இழுப்பறையைப் பூட்டாமப் போயிருப்பே. யாருக்கும் வர்றதுதான்."

"முத்திரை இருந்த இழுப்பறைச் சாவியை உங்க கையிலதானே குடுத்தேன்? சாயங்காலம் பிஸ்கட்டோட ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒண்ணுவிடாம அளந்துட்டேன், கவலைப்படாதேன்னு சொல்லலயா?"

"உடம்பு முடியாத குழந்தையைப் பாக்க வந்தது தப்பாம்மா?"

மேலாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முத்திரை என் பொறுப்பில் மட்டுமே இருக்கும் என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து.

"நீங்க இல்லாத நாள்ல உங்க முத்திரை விழுந்திருக்கு. அதை நீங்களே சீட்டோட நிரூபிச்சுட்டீங்க. இனி நாங்க சொல்ல என்ன இருக்கு?"

அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தன் கோப்பில் செருகினார்.

"அது வேணுமே சார். திங்கக்கிழமை தையல் பிரிக்கணும்."

"நகல் எடுத்துட்டுத் தருவாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மூன்று மணிக்குள் அறிக்கை தயாரானது. காரணம்: தனிநபர் அலட்சியம். நடவடிக்கை: ஊழியர் நீக்கம். ஆலையின் அங்கீகாரம் தொடரும்.

அவள் பையோடு வெளியே வந்தபோது வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைசல்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அதிகாரியும் சூப்பர்வைசரும், சட்டமிட்ட அங்கீகாரச் சான்றிதழை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க" என்றார் படம் எடுப்பவர்.

அவள் தள்ளி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

முதுகு மதிலில் முட்டும்வரை போனாள்.

"அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வரிசையைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்.