சாய்ந்தவர்களை விடாத சுவர்

கல்லூரிக்குப் பின்னால் இருந்த தெருவில், கண்டக்டரம்மா தன் மகளுக்காக வாங்கிய ஒற்றை அறை வீட்டில், நாலாம் வருடப் படிப்பு முடியும் சமயத்தில் பதினோரு பெண்கள் சுவரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் இடம் இல்லாததால் சுவரில் தூங்கினார்கள், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. பால் போடுகிறவர் முதற்கொண்டு தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். முதுகைக் கொடுத்தால் போதும், அந்தச் சுவர் பிடித்துக்கொள்ளும். கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும், தூக்கமும் சொக்கிக்கொண்டு வரும். கழுத்து வலிக்காதா என்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம், ஊருக்குப் போய்க் கட்டிலில் படுத்தால்தான் வலிக்கிறது என்றாள் ஒருத்தி.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று ஆரம்பத்தில் அந்தக் குடும்பத்தில் ஒரு மாதம் இழுபறி நடந்தது. கண்டக்டரம்மாவின் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டாமல் எந்த விஷயத்துக்கும் வாயைத் திறக்காத நிதானஸ்தர். "நாலு வருஷப் படிப்புக்கு ஒரு வீடா? வாடகை ரூம்னா முடிஞ்சதும் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பிடலாம். சொந்த வீடு காலைக் கட்டிப் போட்டுடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கண்டக்டரம்மா பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வாடகை வீடுகளில். ஆணி அடிக்கக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் குழாயைத் திறக்கக் கூடாது, தலை எண்ணெய் படியும் என்பதால் சுவரில் சாயவே கூடாது. பகலெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தே அவருக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. "எம் பொண்ணை யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாது. அவ்ளோதான்" என்றார். கண்டக்டரம்மா அவ்வளவுதான் என்று சொன்னால் பஸ்ஸே நின்றுவிடும், லேத்காரர் எம்மாத்திரம்? வீடு வாங்கப்பட்டது.

வாங்கினார்களே ஒழிய, சொந்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. மகள் துணிகளைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள், புத்தகப் பையைத் தரையில் போட்டாள், தும்மல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் வருடம் அப்படியே கழிந்தது. ஒருநாள் வார லீவில் மகளைப் பார்க்க வந்த கண்டக்டரம்மா, அவள் சுவரில் முதுகை வைத்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு பதறிப்போனார். "ஏய், சாயாதடி! வீட்டுக்காரம்மா பாத்தா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்காரம்மா அவர்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வயிறு வலிக்கிற வரை சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கண்டக்டரம்மா கிட்டே போனார். மகளின் இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோடு அழுத்தி, "சாஞ்சுக்கோ. நல்லா சாஞ்சுக்கோ. உன்னைக் கேக்க ஆளில்ல" என்றார். சுவர் அன்றுதான் முதன்முதலாகப் பிடித்தது. மகள் ஒரு சாண் மேலே போய் நின்றாள். கையைப் பிடித்து இழுத்ததும் சமர்த்தாக விட்டுவிட்டது. அதன் பிறகு பை, குடை, சைக்கிள் எல்லாம் ஆணியில்லாமல் சுவருக்கு ஏறின.

மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தோழி பார்க்க வந்தாள் என்பதற்காக ஒருத்தியை அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். விளக்கை அணைக்காமல் படித்தாள் என்று இன்னொருத்தியை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று மூன்று பேரை ஒரே நாளில். எல்லோரையும் கண்டக்டரம்மாவின் மகள் உள்ளே அழைத்து, சுவரில் இடம் காட்டினாள். தரை சமைப்பதற்கும் சண்டை போடுவதற்கும் என்று ஆயிற்று. கட்டடப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் ரசமட்டமும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வந்து மதியம் முழுக்கச் சோதித்தார். சுவர் நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தன் கோட்டை அதில் மாட்டியதை மறந்து போய்விட்டார். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார். கண்டக்டரம்மா லீவு நாளில் வந்தால், பஸ் பழக்கத்தில் தலைகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் உட்காருவார். பரீட்சைக் காலத்தில் நாலு சுவரிலும் வரிசையாக முணுமுணுப்புக் கேட்க, நடுவில் நின்று அவர் தன் மகளை அண்ணாந்து பார்ப்பார். இத்தனை பேருக்கு இடம் கொடுக்கிற மனசு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பெருமை தாங்காது.

படிப்பு முடிந்து மகளுக்கு வேலை கிடைத்தது, கடல் தாண்டி, பாலம் கட்டுகிற இடத்தில். கிளம்புகிற அன்று, ஷூ நாடாவைக் கட்ட ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்தாள். சுவர் பிடித்தது, விடவில்லை. லேத்காரர் இழுத்தார். பெண்கள் இறங்கி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது. நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல லேத்காரருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்டக்டரம்மாவோ மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தார். அவர் பிடி இறுக இறுகச் சுவரும் இறுக்கியது. மகளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அம்மா," என்றாள் மெதுவாக, "சுவர் உன்னைப் பாத்துதான் பிடிச்சிருக்கு. நீ கைய விடும்மா."

கண்டக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இந்தப் பெண்ணை யாரும் வெளியே போகச் சொல்லக் கூடாது என்றுதான் வீட்டையே வாங்கியிருந்தார். அதைச் சொல்ல வேண்டியவர் கடைசியில் தானே என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார், சுவரும் கொஞ்சம் தளர்ந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தினமும் ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தைதான், அன்று அது வெளியே வர நேரம் பிடித்தது.

"போலாம், ரைட்" என்றார்.

சுவர் மகளை அலுங்காமல் தரையில் இறக்கிவிட்டது. அவள் அம்மாவை ஒரு தடவை கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறினாள். அன்று மதியமே முதல் வருடப் பெண் ஒருத்தி பெட்டியும் கையுமாக வந்து வாசலில் நின்று, இங்கே இடம் இருக்கிறதா, வாடகை எப்படி என்று கேட்டாள். கண்டக்டரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று சொல்லி, ஜன்னலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.