ஒட்டுப்போட்ட வண்டி

அந்த வண்டியின் விலை ஏறுகிற சேதியைப் பல் டாக்டருக்கு முதலில் சொன்னது, அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஒரு நோயாளி. வாயிலிருந்து பஞ்சை எடுத்ததும் அந்த ஆள் பல்வலியைப் பற்றிப் பேசவில்லை. தான் வாங்கி நிறுத்தியிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான் பேசினார். இரண்டே பேர் உட்காரும் வண்டி. செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை.

"சும்மாதான் நிக்குது டாக்டர். நிக்க நிக்க விலை ஏறுது" என்று குழறிக் குழறிச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை வண்டி என்றால் நாலு சக்கரமும் ஒரு ஹாரனும் என்று நினைத்திருந்த டாக்டருக்கு அன்றிலிருந்து அதே நினைப்பாகிவிட்டது. ஏலத்தில் எது எவ்வளவுக்குப் போனது என்று சாப்பிடும்போதுகூடப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வியாபாரியிடம் அதே மாடல், கடுகு மஞ்சள் நிறத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தங்கையைக் கூப்பிட்டார்.

தங்கைக்கு வீட்டில் பெயர் திருகாணி. சின்ன வயதில் திருகாணி போட்டு மூடிய எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. ரேடியோ, தையல் மெஷின், அப்பாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் அவள் கைபட்டுப் பல் இளித்தவைதான். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் வேலை. இப்போது சொந்தமாக, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்காக வண்டி பார்த்துச் சொல்கிறாள்.

வியாபாரியின் கடை, முன்பு சோபா விற்ற இடம். விளக்கெல்லாம் போட்டு, வண்டியை நடுவில் மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். திருகாணி தரையில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து டார்ச்சை அடித்தாள். பிறகு உள்ளே புகுந்து, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பினாள். தகரத்தில் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை விரலுக்குத் தட்டுப்பட்டும் படாமலும் ஒரு கோடு ஓடியது.

அண்ணனை வெளியே கூட்டிவந்து மெதுவாகச் சொன்னாள்.

"இது ஒரு வண்டி இல்லண்ணா. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. ரெண்டும் அடிபட்டிருக்கு. நல்ல பாதிகளை மட்டும் சேர்த்து வெல்டு பண்ணியிருக்காங்க."

"ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். ஒட்டினவன் கைகாரன். ஆனா முழு வண்டி விலைக்கு இதை வாங்காதே."

"சாயங்காலம் இன்னொருத்தர் வர்றார். இன்னைக்கு விட்டா கை நழுவிப் போயிடும். விலை ஏறிட்டே இருக்கு, உனக்குப் புரியலை."

"விலை ஏறுதுங்கறதுக்காக இந்த ஒட்டு மறைஞ்சிடாதுண்ணா."

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உன் கண்ணுக்கு எதுலயும் குறைதான் தெரியும். மாப்பிள்ளை பாக்கும்போதும் இப்படித்தான் டார்ச் அடிச்சுப் பாத்தே. இப்ப தனியா நிக்கிற."

அவள் அட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அண்ணன் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டான் என்று அப்புறம் அண்ணி போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் விலை பேசியது. அதே மாடல் ஒன்று ஏலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போனதாகச் செய்தி வந்தது. உறவுக்காரர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாள் சித்தப்பா, "திருகாணி பேச்சைக் கேட்டிருந்தா இவன் கதி என்ன ஆகியிருக்கும்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

தொழிலும் படுத்துவிட்டது. வாங்க நினைக்கிறவர்கள், "நீங்க வந்து பாக்கறதுக்குள்ள வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க மேடம்" என்றார்கள். போட்டோவைப் பார்த்தே பணம் அனுப்பினார்கள். ஒரு அம்மாள் வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அடித்தட்டு துரு ஏறிப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அதைச் சொன்னதும் அந்த அம்மாள், "பரவாயில்லை, எனக்கு அப்புறம் வாங்கறவருக்கு அது தெரியவா போகுது" என்றார். தான் கற்ற வித்தைக்கு இனி வேலையே இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அண்ணன் அந்த மஞ்சள் வண்டியை ஓட்டிக்கொண்டு அவள் வேலை செய்யும் ஷெட்டுக்கு வந்தான். உள்ளே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உடம்பை மூன்றாக மடிக்க வேண்டிய வண்டி. மடித்து மடித்துப் பழகியவனைப் போல லாவகமாக இறங்கினான்.

அவள் டீ கொடுத்தாள். சூடு ஆறிப்போன டம்ளரை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"வண்டியை விக்கலாம்னு இருக்கேன்" என்றான். "ஒருத்தர் கேட்டிருக்கார். கப்பல்ல எஞ்சினியரா இருந்தவர். போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். உங்க தங்கச்சி வண்டி பாக்கறவங்களாமே, அவங்க பாத்தாங்களான்னு. ஆமான்னேன்."

"நான் என்ன சொன்னேன்னு கேட்டாரா?"

"கேட்டார்." டம்ளரைக் கீழே வைத்தான். "நல்ல வண்டின்னு நீ சொன்னதாச் சொல்லிட்டேன்."

பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அவர் உன்னைக் கூப்பிட்டா..." என்று தொடங்கினான்.

"வண்டியை எடு. ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

ஊருக்கு வெளியே போகிற சாலையில் ஓட்டினான். எந்த வேகத்தில் கியர் மாற்றினால் வண்டி முனகாது, எந்த வளைவில் பின்பக்கம் லேசாகத் தயங்கும் என்றெல்லாம் அவனுக்கு அத்துப்படியாக இருந்தது. விலைக்காக வாங்கியவன் எப்போது இப்படி ஆனான் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

"கார்ப்பெட்டைத் தூக்கி அந்தக் கோட்டை அப்பப்பப் பாப்பேன்" என்றான் அவனாகவே. "நீ சொன்ன அன்னைக்கே நீ சொன்னது சரின்னு எனக்குத் தெரியும். எல்லாரும் ஓடறாங்க, நான் மட்டும் நின்னா ஏமாந்துடுவேன்னு பயம். அந்தப் பயத்துல உன்னைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "கை எப்பலேருந்து இப்படி நடுங்குது?"

அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"கொஞ்ச நாளா. ஸ்டியரிங்கைப் பிடிச்சா அடங்கிடுது. ஊசியைப் பிடிச்சாத்தான் அடங்க மாட்டேங்குது. பல்லுல கை வைக்கறதையே நிறுத்திட்டேன். ஜூனியர் பொண்ணுதான் பாக்கறா."

"அண்ணிக்கு?"

"தெரியாது. வண்டியை வித்துக் கையில ஏதாவது வச்சுக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு..." முடிக்காமல் விட்டான்.

அவன் கேட்க வந்தது நல்ல வண்டி என்ற ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான்போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கப்பல்காரர் எந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறாரோ, அவர் வீட்டில் யார் என்ன கனவு காண்கிறார்களோ.

"அவர் என்னைக் கேட்டா நான் உண்மையத்தான் சொல்லுவேண்ணா. அதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவன் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே, "சரி" என்றான்.

அந்த வாரமே கப்பல்காரர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வெயிலில் கருத்த, நிதானமான மனிதர். அண்ணன் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினான். அவர் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"போன்ல நல்ல வண்டின்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன். இவ அன்னைக்கே இதைக் கண்டுபிடிச்சு வாங்காதேன்னா. நான்தான் கேக்கலை."

கப்பல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். "போச்சு" என்றான் அண்ணன், வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு. இனி என்ன செய்வான் என்று அவளுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

சில நாள் கழித்துக் கப்பல்காரரே அவளுக்குப் போன் செய்தார். அதே மாடலில் வேறு இரண்டு வண்டிகள் பார்க்க வேண்டும், வருவீர்களா என்றார். முதல் வண்டி பளபளவென்று இருந்தது, ஆனால் சொந்தக்காரர் கார்ப்பெட்டைத் தொடவே விடவில்லை. இரண்டாவது வண்டியில் எஞ்சின் வேறு எதிலிருந்தோ கழற்றிப் பூட்டியது. அவள் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ போன் செய்தார்கள் என்று அதன் சொந்தக்காரர் விலையை ஏற்றிவிட்டார்.

கப்பல்காரர் தெருவோரத்தில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விலை ஏறுறதைப் பாத்தா நாமளும் கூடவே ஓடணும்னு தோணுதும்மா. ஓடிக்கிட்டே எப்படிப் பாக்கறது? உங்க அண்ணன் பொய் சொன்னார், அந்தக் கோபம் இன்னும் இருக்கு. ஆனா தூக்கிக் காட்டினது அவர் ஒருத்தர்தான். அந்த வண்டியை நம்பி ஓட்டலாமா? எனக்கும் என் மகளுக்கும் ஓட்டத்தான் வேணும்."

"ஓட்டலாம் சார். வருஷா வருஷம் அந்த ஒட்டைப் பாத்துக்கணும். முழு வண்டி விலை மட்டும் குடுக்காதீங்க. நான் அவர் தங்கச்சி, அதனால வேற ஆள் யாரையாவது கூட்டிவந்தும் காட்டுங்க."

அவர் அப்படியே செய்தார். வந்த ஆளும் அதையேதான் சொன்னார். கப்பல்காரர் சொன்ன விலை, ஏலத்தில் கேட்ட விலைக்குக் கிட்டேகூட வரவில்லை. அண்ணன் வாங்கியதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அண்ணன் பேரம் பேசவில்லை. எந்த வளைவில் பின்பக்கம் தயங்கும் என்று அவருடைய மகளிடம் விளக்கமாகச் சொல்லி, சாவியைக் கொடுத்தான். வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றான்.

உள்ளே வந்ததும் அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். தங்கையைப் போகச் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி அழவில்லை. அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா என்கிட்ட மறைச்சீங்களா? நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம்."

"நானே டாக்டர்தானே" என்றான்.

"பல் டாக்டர்" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

மறுநாள் காலை திருகாணி தன் பழைய வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அண்ணி நடுவிலும் அண்ணன் ஓரத்திலுமாக முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நரம்பு டாக்டரைப் பார்க்க வரிசையில் இடம் பிடிக்க வேண்டும் என்று அண்ணி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள்.